மூடாத மொச்சைப் பானை

ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலத்தில் எங்கள் வீட்டில் நாற்பது நாளும் கறி கிடையாது. அதற்கு முன்பே பன்றி அடித்து, உப்பும் மஞ்சளும் தடவி, கண்டங்களை அடுப்புக்கு மேலே கயிற்றில் கட்டிவிடுவார்கள். ஈஸ்டர் வரை சிறுமலை விறகுப் புகையில் தொங்கும். அன்றைக்குத்தான் மொச்சையோடு சேர்த்து வேகும்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம். மசக்கையில் சோறே இறங்கவில்லை. தலைக்கு மேல் தொங்கிய அந்தக் கறி மேல்தான் ஆசை. பிள்ளைத்தாச்சிக்கு விலக்கு உண்டென்று பங்குச் சாமியாரே சொன்னார். மாமனார் ஒப்பவில்லை. மாமியார் வாயே திறக்கவில்லை. எனக்கு அவர் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஊறிய மொச்சையை அடுப்பில் ஏற்றிவிட்டு மூடப் போனேன்.

“மூடாத தாயி” என்ற மாமியார், கயிற்றை இழுத்துக் கண்டங்களைப் பானைக்கு நேராக நகர்த்தினார். ஆவி பட்டுக் கொழுப்பு சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்தது. அவர் என்னைப் பார்க்காமல் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன். மாமனாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். “வெறும் மொச்சை இம்புட்டு ருசியா இருக்கே!”

“ஒருசந்தி இருந்தா பசியில எல்லாம் ருசிக்கும்” என்றார் மாமியார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், மாமியார் மேல் ஆத்திரப்பட்டதை மட்டும் சொன்னேன். எனக்குப் பின்னால் அவரும் வரிசையில் நின்றார். என்ன சொன்னாரோ தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமையும் பானை மூடாமல்தான் கொதித்தது.