முப்பத்தேழாம் நம்பர் கால்

வேலூரில் ஷேர் ஆட்டோவில் ஏறினால் செய்தித்தாள் வாங்க வேண்டியதில்லை. போன வாரம் என்னை நெருக்கி உட்கார்ந்த இரண்டு பெண்கள், கழுத்தில் ஷூ கம்பெனி அட்டை தொங்க, அமெரிக்காக்காரன் வரியை ஏற்றியதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். "நம்ம லைனுக்கு ஆர்டர் கம்மியாம்டி" என்றாள் ஒருத்தி. அவள் துப்பட்டாவிலிருந்து ஷூ ஒட்டும் பசை வாசனை வந்தது. என் வீட்டுக்காரர் அதை நாற்றம் என்பார். எனக்கு அது இருபது வயசின் வாசனை. மூக்கில் ஏறியதும் நான் ஆட்டோவில் இல்லை, மேல்விஷாரம் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எங்களுக்குச் சோறு போட்டது ரஷ்யா. கணியம்பாடிப் பக்கத்திலிருந்து விடிந்ததும் கம்பெனி பஸ் பிடித்து வருவேன். ரஷ்யாவுக்கு நாங்கள் தைத்து அனுப்பியது முழு ஷூ அல்ல, மேல்பாகம் மட்டும். உள்ளே ரோமத் துணி வைத்துத் தைக்க வேண்டும். சித்திரை வெயிலில் அதை மடியில் போட்டுக்கொண்டு தைத்துப் பாருங்கள், பனி விழுகிற ஊர்மேல் எவ்வளவு கோபம் வரும் என்று தெரியும். அந்தக் கோபம் பலித்ததோ என்னவோ, ஒருநாள் அந்த நாடே இல்லை என்றார்கள். மேனேஜர் சலீம் பாய் வந்து சொன்னதும் பக்கத்து மிஷின் சுகந்தி கேட்டாள்: "நாடு எப்படி பாய் இல்லாம போவும்? எங்க போச்சு?"

"துண்டு துண்டா பிரிஞ்சிடுச்சும்மா. எந்தத் துண்டு நம்ம சரக்க கேக்கும்னே தெரியல. ஒரே பேஜாரா கீது."

பொங்கல் வரைக்கும்தான் வேலை, அப்புறம் எங்கள் லைனை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. சுகந்தி சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. என் சம்பளத்தில் தம்பி படித்தான். உலக அரசியல் ரேடியோவோடு போகிற சமாச்சாரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

முதலாளி சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டு வியாபாரத்துக்கு டெல்லியில் கதவைத் திறந்துவிட்டிருந்த காலம். வெளிநாட்டு மிஷின் இரண்டை இறக்கி, முழு ஷூவே செய்யலாம் என்று துணிந்துவிட்டார். ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்க ஒரு அம்மா வருவதாகச் சேதி வந்தது. பெண்கள் ஷூ, முப்பத்தேழாம் நம்பர் சாம்பிள். அதைப் போட்டு நடந்து காட்ட அதே அளவில் ஒரு கால் வேண்டும். "எல்லாரும் கால நீட்டுங்கம்மா" என்று சலீம் பாய் ஸ்கேலோடு வந்தார். பொருந்தியது என் கால். ரப்பர் செருப்பைத் தவிர வேறொன்றும் கண்டறியாத கால். அன்று சாயங்காலம் குதிகாலைக் கல்லில் தேய்த்த தேய்ப்பில் தோலே போயிருக்கும்.

அந்தம்மா வந்தார். மிஷின்களை நிறுத்திவிட்டு மொத்த லைனும் என் காலையே பார்த்தது. ஷூவைப் போட்டு நாலடி நடந்தேன். சொர்க்கம்தான், போங்கள். திடீரென்று அவர் தரையில் மண்டியிட்டு, ஷூவோடு என் காலைப் பிடித்து நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினார். அவருக்கு என் அம்மா வயசு. பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டு, குனிந்து அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நம் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள்?

அவருக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. கால் வலித்து இழுத்துக்கொண்டாள், கண்ணீரைத் துடைக்கிறாள். பேனாவை எடுத்து ஷூ நுனியில் ஒரு பெருக்கல் குறி போட்டார். சலீம் பாய் முகம் செத்துவிட்டது. என்னென்னவோ இங்கிலீஷில் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அவளையே கேளுங்கள் என்றதற்கு, "நீ சொல்லிக் குடுத்ததத்தான் அவ சொல்லுவா" என்று அந்தம்மா மறுத்ததைச் சலீம் பாய்தான் பிறகு எங்களிடம் சொன்னார். எனக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை. ஷூவைக் கழற்று என்று நீட்டிய கை புரிந்தது. கழற்றினால் லைன் போச்சு.

ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஹாலின் அந்தக் கோடி வரைக்கும் ஓடி, மாடிப்படி ஏறி இறங்கி, திரும்பி ஓடிவந்தேன். சுகந்தி கைதட்ட ஆரம்பித்தாள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மூச்சு வாங்க நின்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் கொட்டினேன்: "நோ பெயின், மேடம்." அதோடு நிறுத்தினேனா? குதிகாலைத் தொட்டு, "இங்க கொஞ்சம் லூஸ்" என்றும் சொல்லிவைத்தேன். ஓடும்போது கழன்றது, சொன்னேன். சலீம் பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அந்தம்மா மறுபடி மண்டியிட்டார். இந்த முறை நான் காலை இழுக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பின்பக்கம் விரலை விட்டார், உள்ளே போனது. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். குறையைச் சொன்னவள் மற்றதையும் உண்மையாகத்தான் சொல்லியிருப்பாள் என்று தோன்றியிருக்க வேண்டும். குதிகாலில் சின்னத் தோல் பட்டை ஒட்டச் சொல்லி, அன்றைக்கே ஆர்டரை உறுதி செய்தார். சுகந்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், நிஜக் கண்ணீர்தான்.

ஆர்டர் முடிவானதும் சாம்பிள் ஜோடியைப் பிரித்துவிடுவார்கள். ஒன்று வாங்குகிறவரிடம், ஒன்று செய்கிறவரிடம். அளவு மாறினால் ஒத்துப் பார்க்க. வலது கால் அந்தம்மாவின் பெட்டியில் ஜெர்மனிக்குப் போனது. இடது கால் எங்கள் சாம்பிள் ரூம் ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கள் லைன் வருஷக்கணக்கில் ஓடியது, என் தம்பியும் படித்து முடித்தான்.

இப்போது காலை அளக்க மிஷின் வந்துவிட்டதாம். யாரும் மண்டியிடுவதில்லை. கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. சலீம் பாயும் இல்லை. இடது கால் எந்தப் பழைய சாமான் கடைக்குப் போனதோ, வலது கால் எந்த ஊர்க் குப்பையில் கிடக்கிறதோ. அந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓடியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.