மூக்கம்மாள் போட்ட தார்ப்பாய்

மட்டாஞ்சேரியில் தமிழ் பேசுகிற வீடு எது வந்தாலும் அதை என் தலையில்தான் கட்டுவார்கள். எறணாகுளத்தில் இருந்த எங்கள் சோலார் கம்பெனியில் பொருத்துகிற ஆட்கள் நாலு பேர். மற்ற மூன்று பேரும் மலையாளிகள். ரங்கசாமிக்கு பாஷை தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேனேஜர் ஃபைலை என் பக்கம் தள்ளிவிடுவார். எனக்குத் தெரிந்தது வீட்டில் பேசுகிற தமிழ். எழுதச் சொன்னால் மலையாளம்தான் வரும். அதையெல்லாம் அவர் எங்கே கேட்கப் போகிறார்.

2003 மார்ச்சில் மூக்கம்மாள் வீடு அப்படித்தான் என்னிடம் வந்தது. யூதர்கள் இருந்த தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால் ஒரு சந்து. எதிரே ஆள் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதில் இரண்டு சென்ட் நிலத்தில் வீடு. முன்னறைக்கு மட்டும் கான்கிரீட், மற்றதெல்லாம் ஓடு. கான்கிரீட்டின் மேல் ஒரு பேனல், உள்ளே ஒரு பேட்டரி, சின்னதாக ஒரு இன்வெர்ட்டர், ஒரு விளக்கு. விளக்கு சும்மா பேருக்கு. இத்தனையும் ஒரு மெஷினுக்காக.

மூக்கம்மாளின் புருஷன் ராமர் கிடங்குகளில் சுமைதூக்கியாக இருந்தவர். மிளகும் மல்லியும் வற்றலும் முப்பது வருஷம் முதுகில் ஏறி இறங்கி, அந்தத் தூசியெல்லாம் அவர் நெஞ்சில் குடியேறிவிட்டது. மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சோடு உள்ளே அனுப்புகிற மெஷின் ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இழுப்பு வந்தால் பத்து நிமிஷம் அதை ஓட்ட வேண்டும். அவருக்கு இழுப்பு வருவது சாயங்காலத்தில். அந்த வருஷம் அரை மணி நேர மின்வெட்டு வருவதும் சாயங்காலத்தில். மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே புருஷன் மூச்சுக்குத் தவிப்பதை அவள் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மகள் விஜிக்குக் காக்கநாட்டில் தையல் கம்பெனியில் வேலை. அவள்தான் எங்கோ விசாரித்து எங்கள் கம்பெனியைப் பிடித்தாள்.

பொருத்தி முடிக்க ஒரு பகல் போதும். மூக்கம்மாளின் கேள்விகளுக்கு அந்த ஒரு பகல் போதவில்லை.

ஹர்த்தால் அன்றைக்கும் இது ஓடுமா என்று கேட்டாள். அரசாங்கக் கரண்டும் இந்தக் கரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் சண்டை போட்டுக்கொள்ளாதா என்று கேட்டாள். இன்றைக்குச் செலவாகாமல் மிஞ்சியது நாளைக்கு இருக்குமா, பழைய சோறு மாதிரி கெட்டுப்போகுமா என்றாள். பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் விழும், அவர்களிடம் சொல்லி மட்டையை வெட்டச் சொல்லட்டுமா என்றாள். பேட்டரி இருக்கிற அறையில் சாமி படம் இருக்கலாமா என்றாள். பெட்டியில் பச்சை விளக்கு எதற்கு, சிவப்பு விளக்கு எதற்கு? பச்சை என்றால் வயிறு நிறைந்தது, சிவப்பு என்றால் பசி, வெயில் வந்தால் தானே பச்சைக்கு மாறிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அந்தப் பதிலை நான் அவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கக் கூடாது.

போதாதற்கு என் மொபைல் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எல்லா வீட்டுக்கும் கொடுக்கிற வழக்கம்தான். மற்றவர்கள் கூப்பிட மாட்டார்கள். இவள் வாரத்துக்கு மூன்று தடவை ஜூ டவுன் முக்கிலிருக்கிற பூத்திலிருந்து கூப்பிட்டாள். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. முதுகுவலி, ஸ்கூட்டர், மாடி மாடியாக ஏறி இறங்குகிற பிழைப்பு. அவள் குரல் கேட்டாலே எனக்குச் சோர்வு வந்துவிடும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் மெஷின் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஏப்ரலில் ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது ராமர் வாசலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்தினார். பேசுகிற அளவுக்கு அவருக்கு மூச்சு கிடையாது. மூக்கம்மாள் எனக்கும் ஒரு சாயா போட்டுக் கொடுத்தாள். தன் கதையை அன்றைக்குத்தான் சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள்.

அவள் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். இவள் பிறந்தது இங்கேதான். பதினைந்து வயதில் ஒரு கிடங்கின் சுக்குக் களத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இஞ்சியைச் சுரண்டி, சுண்ணாம்பில் முக்கி, முற்றம் முழுக்கப் பரப்பிக் காயவைக்கிற வேலை. ஒரு மழை போதும், முற்றத்தில் கிடப்பது அத்தனையும் பூஞ்சை பிடித்துப் போகும். அதனால் களத்தில் பெரிய ஆள் யாரென்றால் மழையை முதலில் கண்டுபிடிக்கிறவள். மூக்கம்மாளுக்கு அது கைவந்திருந்தது. எதிரே வைப்பின் தீவுப் பக்கம் வானம் ஒரு மாதிரி மங்கினால் போதும், சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவாளாம். மற்ற பெண்கள் வாரிக் கூட்டுவதற்குள் இவள் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, நாலு மூலையிலும் கயிற்றை இறுக்கிவிடுவாள். முப்பத்தைந்து வருஷத்தில் என் களத்தில் ஒரு துண்டு சுக்கு நனைந்ததில்லை என்றாள். அவள் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அந்த ஒன்றுதான் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

மே மாதக் கடைசி. வைப்பினில் ஒரு வேலையை முடித்துவிட்டு ஜங்கார் படகுக்கு ஸ்கூட்டரோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முதல் மழை பிடித்துக்கொண்டது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது. அந்த நேரத்தில் மொபைல் அடித்தது.

"தம்பி, மழ வருதே," என்றாள் மூக்கம்மாள்.

"மழ வந்தா வரட்டும் அக்கா. அதுக்கு நான் என்ன செய்ய? இனிமே சும்மா சும்மா போன் போடாதீங்க. ஏதாவது கேடு வந்தா ஆபீசுக்குச் சொல்லுங்க."

வைத்துவிட்டேன். அதன்பிறகு அவள் கூப்பிடவே இல்லை. ஜூன் முழுக்க அந்த நிம்மதியை நான் நன்றாக அனுபவித்தேன்.

ஜூலை இரண்டாம் வாரம் ஆபீசில் புகார் வந்து கிடந்தது. என்னைக் கூப்பிடாமல், நான் சொன்னபடியே ஆபீசைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பேட்டரி வேலை செய்யவில்லை, நோயாளி ஆஸ்பத்திரியில் என்று எழுதியிருந்தது. நான் போனபோது வீட்டில் மூக்கம்மாள் மட்டும் இருந்தாள். விஜி ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக இருந்தாள். மூன்று நாள் முன்னால் காற்றில் எங்கேயோ மரம் விழுந்து கரண்டு போயிருக்கிறது. ராமருக்கு இழுப்பு வந்திருக்கிறது. மெஷின் இரண்டு நிமிஷம் ஓடி நின்றுவிட்டது. அந்தச் சந்துக்குள் ஆட்டோ வராது. நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் தூக்கி, மழையில் மெயின் ரோடு வரை கொண்டுபோயிருக்கிறார்கள். உதடு நீலமாகிவிட்டது என்றாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

பேட்டரியைச் சோதித்தேன். செத்துக் கிடந்தது. நான்கு மாதப் பேட்டரி அப்படிச் சாகாது. பேனலைப் பார்க்க மேலே ஏறினேன்.

பேனலைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் தார்ப்பாய். காற்று நுழைய ஒரு விரல்கூட இடைவெளி இல்லை. நாலு மூலையிலும் கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் இழுத்தால் இறுகுகிற முடிச்சு. ஆறு வாரம் அடித்த மழையில் ஒரு முடிச்சுகூடத் தளரவில்லை. எவ்வளவு சுத்தமான வேலை! பேட்டரி அந்த ஆறு வாரமும் பட்டினி கிடந்திருக்கிறது. மழைக்காலத்து மங்கல் வெளிச்சம் பட்டிருந்தால்கூட ஓரளவு பிழைத்திருக்கும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கீழே இறங்கியதும் கேட்டேன். "யாரு அக்கா உங்ககிட்ட அத மூடச் சொன்னது?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

"மழ வந்தா மூடணும்லா தம்பி. கண்ணாடி, உள்ள ஒயரு, இத்தன சாதனம் கெடக்கு. நனைய விடலாமா?" என்றாள். பிறகு, "அது கேக்கத்தான் அன்னிக்கு போன் போட்டேன்," என்றாள்.

சிவப்பு விளக்கு எரிவதை அவளும் பார்த்திருக்கிறாள். வெயில் வந்தால் பச்சையாகிவிடும் என்று நான் சொல்லியிருந்தேனே. அதனால் வெயிலுக்காகக் காத்திருந்தாளாம். மழை விட்டதும் திறந்துவிடலாம் என்று தினமும் வானத்தைப் பார்த்தாளாம். இங்கே இடவப்பாதி என்கிற வைகாசி நடுவில் பிடித்த மழை ஆனிக் கடைசியிலும் விடவில்லை. இதைச் சொல்லும்போது என்மேல் குற்றம் சாட்டுகிற தொனியே அவள் குரலில் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

"நானேதான் அவரு மூச்ச மூடினேனா தம்பி?" என்றாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து புகார்ப் படிவத்தை எடுத்தேன். காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. வாடிக்கையாளரின் தவறு என்று எழுதினால் வேறு பேட்டரி கிடைக்காது. எழுதுகிறவனுக்கு ஒரு தொல்லையும் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டத்தில் நான் வேறு எதையும் எழுதியதாக ஞாபகம் இல்லை. எத்தனை வீட்டில் எப்படி எழுதினேனோ, அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அன்றைக்கு மலையாளத்தில் எழுதினேன்: மழையில் பேனலை மூடக் கூடாது என்று பொருத்தியவர் சொல்லவில்லை. வாடிக்கையாளர் போனில் கேட்டபோதும் பதில் சொல்லவில்லை. கீழே என் கையெழுத்து.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு எனக்குப் பைத்தியமா என்று கேட்டார். மெமோ வந்தது. அதோடு புதுப் பேட்டரியும் வந்தது.

ஆகஸ்டில் அதைப் பொருத்தப் போனேன். ராமர் வீடு திரும்பியிருந்தார். பாதி ஆளாகக் கட்டிலில் சாய்ந்திருந்தார். தார்ப்பாய் மடித்து மூலையில் இருந்தது. வேலை முடிந்ததும் நான் கிளம்பாமல் உட்கார்ந்தேன். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா அக்கா என்றேன். ஒன்றுமில்லை தம்பி என்றாள். ஹர்த்தாலையும் தென்னை மட்டையையும் பற்றிக் கேட்ட வாய் அது. நானாகவே தூசி துடைப்பதிலிருந்து சிவப்பு விளக்கு வரை எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

ஐந்து மணி வாக்கில் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் எழுந்துவிட்டாள். கை தானாகத் தார்ப்பாயைத் தொட்டது. தொட்ட கையை இழுத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தாள். மழை கொட்டத் தொடங்கியது. பத்து நிமிஷத்தில் கரண்டு போயிற்று. அந்தக் குளிர்க் காற்று பட்டோ என்னவோ ராமருக்கு இழுப்பும் வந்தது. மெஷினைப் போட்டேன். ஓடியது. புகை வந்தது. ராமரின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூக்கம்மாள் அதைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் சேலைத் தலைப்பைத் திருகித் திருகி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன விரல்கள்.

"தம்பி, நனையுதே. ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது அக்கா."

மெஷின் ஓடிய பத்து நிமிஷத்தில் இன்னும் மூன்று தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ராமர் மூக்கில் மாட்டியிருந்த மெஷின் முகமூடியைக் கழற்றிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார். அவள் எழுந்து போய் அந்தத் தார்ப்பாயை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"இது இங்க வேணாம் தம்பி. நீங்க கொண்டு போங்க. இருந்தா நான் மூடிருவேன்."