இகுவானாவுக்கு ஆட்டுக்குழை

ஆடுகள் என்னுடையவை, இகுவானா மகளுடையது. பச்சை நிறம், தொங்கும் தாடை, முதுகு நெடுகச் சீப்புப் பல் மாதிரி முள். பார்த்தால் உடும்பின் ஒன்றுவிட்ட சகோதரம் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் இலையும் பூவும் தவிர வேறெதையும் தொடாத சுத்த சைவம். மகளின் சிநேகிதி வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. பிறகு மகளுக்குக் கண்டிப் பக்கம் கம்பஸில் படிக்க இடம் கிடைத்தது. விடுதியில் வைத்திருக்க விடமாட்டார்கள். இன்னொரு சிநேகிதி தான் பார்க்கிறேன் என்று கேட்டும், மகள் என்னிடம்தான் விட்டாள். "அப்பாவுக்கு மரஞ்செடி தெரியும்" என்றாளாம். அதை மனைவி சொல்லக் கேட்ட நாளிலிருந்து என் நடையே மாறிவிட்டது.

போகுமுன் மகள் எனக்கு ஒரு வகுப்பே எடுத்தாள். செவ்வரத்தை இலையும் பூவும் நல்லது, முருங்கையிலையும் பூசணி இலையும் கொடுக்கலாம், பசளிக்கீரை அடிக்கடி கூடாது, அலரி, எருக்கலை, ஊமத்தை, குரோட்டன் எல்லாம் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் பிறந்து, வேலியில் ஆட்டுக்கு இலைக்குழை வெட்டியே தலை நரைத்த எனக்கு நேற்றுப் பிறந்தது இலை காட்டுகிறதாம்! என்னிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: ஆடு தின்றால் நல்ல இலை, ஆடு மணந்து பார்த்துவிட்டு விலகினால் கூடாத இலை. அதற்கு மேல் உலகத்தில் ஒரு விஞ்ஞானமும் தேவையில்லை என்று நம்பியிருந்தேன்.

அந்தக் கோடையில் செவ்வரத்தை வாடிப் போயிற்று. முருங்கை முழுக்க மயிர்க்கொட்டிப் புழு. வேலியில் சீமைக்கிளுவை மட்டும் தளதளவென்று நின்றது. ஆடுகளுக்கு அதென்றால் உயிர். இரண்டு கட்டு வெட்டி, ஒன்றை ஆட்டுக்கொட்டிலில் தொங்கவிட்டேன், மற்றதை இகுவானாவின் கூட்டுக்குள் தொங்கவிட்டேன். பசியில் இருந்த இகுவானாவும் தின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

அடுத்த நிமிடமே அழைத்தாள்.

"அப்பா, உது சீமைக்கிளுவை எல்லே?"

ஓம் என்றேன். ஆடுகளும் அதைத்தான் தின்கின்றன என்று விளக்கமும் கொடுத்தேன்.

"அதுக்கு ஆட்டின்ரை வயிறு இல்லையப்பா. ஆடு அசைபோட்டுச் சமாளிச்சிடும். அந்த இலையை எலிக்கு நஞ்சா வைக்கிறவை."

சொல்லிவிட்டு அழுதாள். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசித் தப்பியிருப்பேன். அவள் ஏசவில்லை.

இகுவானாவைப் பனையோலைக் கடகத்துக்குள் வைத்துச் சாக்கால் மூடி, மனைவியின் மடியில் கொடுத்து, மோட்டார் சைக்கிளில் மிருக வைத்தியரிடம் ஓடினேன். அங்கே மாடும் ஆடுமாக ஒரே கூட்டம். ஒருவர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, உடும்பே? கறிக்கோ?" என்று கேட்டார். வேறு நாளென்றால் அவரோடு மல்லுக்கு நின்றிருப்பேன். அன்றைக்கு, இது என் பிள்ளையுடையது என்று மட்டும்தான் வாயில் வந்தது. வைத்தியர் தான் இப்படி ஒன்றுக்கு வைத்தியம் பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். கொழும்பில் யாரிடமோ கேட்டுவிட்டு, இதற்கு மாற்று மருந்து இல்லை, இளஞ்சூட்டுத் தண்ணீரில் விடுங்கள், மலம் போய்த் திரும்பவும் சாப்பிட்டால் பயமில்லை என்றார். அந்த இலையை யார் கொடுத்தது என்றும் கேட்டார். வீட்டில் ஒருவர் என்றேன். மனைவி என்னைக் கை காட்டினாள்.

வீட்டுக்கு வந்து, பிளாஸ்ரிக் பேசினில் தண்ணீர் ஊற்றி அதை இருத்தினேன். முதலில் அதனிடம் மன்னிப்புக் கேட்டேன், பிறகு நல்லூர் முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். பொழுதுபடுகிற நேரம் அதற்கு மலம் போயிற்று. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். என்ன சந்தோசம் என்று அவருக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் அது சாப்பிடவில்லை. விடிந்த பிறகும், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய பூசணி இலையை நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டது. மகள் வீடியோவில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை முன்பு கேட்ட சிநேகிதியிடம் கொடுத்துவிடுங்கள் என்று இப்போது சொல்லப் போகிறாள், இல்லை, அடுத்த நிமிடம் சொல்லப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். சொன்னால் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

அப்போதுதான் மனைவி சாமிக்குப் பூ ஆய்ந்துகொண்டு வந்தாள். அதுவரைக்கும் அதைப் பல்லி என்றுதான் சொல்வாள், கூட்டுப் பக்கமே வரமாட்டாள். வாடின மரத்தில் தேடி ஆய்ந்த செவ்வரத்தை தட்டில் கொஞ்சம்தான் கிடந்தது. நின்று பார்த்தாள். இருந்ததில் பெரிய பூவை எடுத்து அதன் வாய்க்கு நேரே நீட்டினாள். இகுவானா ஒரு கண்ணைத் திறந்தது. நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தது. பிறகு லபக்கென்று கவ்வியது.

"முருகன் இண்டைக்குப் பொறுப்பார்" என்று சொல்லி அடுத்த பூவையும் நீட்டினாள்.

மகள் சிரித்தாள், கண்ணையும் துடைத்தாள். "அப்பா, இனி அதுக்கு என்ன குடுப்பியள்?" என்று கேட்டாள்.

"நீ சொல்லுறதை."

"அப்ப முதலிலையிருந்து சொல்லுறன், கேளுங்கோ" என்று செவ்வரத்தையில் தொடங்கினாள். கொட்டிலில் ஆடுகள் குழைக்குக் கத்தின. நான் எழும்பவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.