நவநீதன் சாரின் தோல் புறா

எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் நவநீதனுக்கு 'அகிம்சை சார்' என்று ஒரு பட்டம். ஊர் கொடுத்ததல்ல, அவரே சூட்டிக்கொண்டது. இத்தனை வருட சர்வீஸில் அந்த மனிதர் வரைந்த ஒரே உயிர் புறா. காந்தி ஜெயந்தி என்றால் புறா, தியாகிகள் தினம் என்றால் புறா. போதை ஒழிப்பு வாரம் வந்தால் அதே புறாவின் அலகிலிருந்து இலையை எடுத்துவிட்டு, ஒடிந்த சிகரெட் ஒன்றைச் சொருகிவிடுவார். அதற்கும் ஒரு ஷீல்டு வாங்கி வந்திருக்கிறார் என்றால் கொடுத்தவர்களை என்ன சொல்வது!

அவர் பென்சிலில் கோடு போடுவார், பிள்ளைகள் உள்ளே வண்ணம் அடிக்க வேண்டும். அதற்குப் பெயர் மாணவர் ஓவியம். வண்ணம் கோட்டைத் தாண்டினால் இரும்பு ஸ்கேலைச் செங்குத்தாகத் திருப்பி விரல் முட்டியில் ஒரு போடு போடுவார். "அகிம்சைன்னா பொறுமை. பொறுமையா அடி" என்று கூடவே உபதேசமும் உண்டு. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசை அவருடையது. நான் கணக்கு டீச்சர். என் டிபன் கேரியரின் மேல் அடுக்கில் இருக்கும் ஊறுகாயில் பாதி அவர் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. கேட்டு எடுக்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

போன வருடம் அவருக்குப் புறா வரைவதுகூடச் சிரமமாகிவிட்டது. ஷூ கம்பெனிகளுக்குத் தோல் வெட்டித் தரும் கட்டிங் யூனிட் வைத்திருக்கும் அதாவுல்லா அவருடைய தோஸ்த். ஷூவுக்குத் தோல் வெட்டுகிற இரும்பு அச்சு இருக்கிறதே, பிஸ்கட் அச்சு மாதிரி, அதைப் போல ஒன்றைப் புறா வடிவத்தில் வளைத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். மெஷினில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினால் மிச்சத் தோலில் புறா விழும். ஒரு மத்தியானத்தில் ஒரு சாக்குப் புறா. "டீச்சர், கலை இப்போ புரொடக்‌ஷன் லெவலுக்குப் போய்டுச்சு" என்று என்னிடம் வந்து பீற்றிக்கொண்டார்.

இந்த ஆளின் கையில்தான் தமிழினி மாட்டினாள்.

தமிழினி பிளஸ் ஒன். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறப்போட்டுச் சுற்றும் டிரம்மில் வேலை. அம்மா முத்துமாரி வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பவள். எங்கள் ஆம்பூரில் காற்றே தோல் வாசனைதான், யாரும் கவனிப்பதில்லை. ஆனால் செல்வகுமார் என்றொரு பையன் வந்து சேர்ந்தான். அவன் அப்பா பேங்க் அதிகாரி, நெமிலியிலிருந்து மாற்றலாகி வந்தவர். தமிழினி வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் இவன் மூக்கைப் பிடித்துக்கொள்வான். சுற்றியிருக்கிற கழுதைகளும் சேர்ந்து பிடிக்கும். அதில் பாதிப் பேருடைய அப்பன்களும் அதே டிரம்மில்தான் நிற்கிறார்கள் என்பதுதான் கொடுமை. ஒருநாள் அவள் டிபன் கேரியரைத் தூக்கி அவன் நெற்றியில் சாத்திவிட்டாள். தையல் போட வேண்டியதாயிற்று.

மூக்கைப் பிடித்தது தலைமையாசிரியர் கண்ணுக்குத் தெரியவில்லை, நெற்றிக் கட்டு மட்டும் தெரிந்தது. டி.சி.யை வாங்கிக்கொண்டு போ என்றார். முத்துமாரி அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"டி.சி. மட்டும் குடுத்துடாதீங்க சார். அவங்கப்பா இனிமே படிப்பு வாணாம், என்கூட குந்திக்கினு தைக்கட்டும்னுடுவாரு. நான் கெட்டது போதும் சார்."

அங்கேதான் நம் அகிம்சை சார் திருவாய் மலர்ந்தார். வேலூரில் உயிர்க்கருணை அறக்கட்டளை என்று ஓர் அமைப்பு மாணவர்களுக்கு அகிம்சை ஓவியப் போட்டி வைக்கிறது. இந்தப் பெண்ணை அதில் சேர்க்கலாம். முரட்டுப் பிள்ளையைக் கலையால் திருத்தினோம் என்று சொன்னால் ஷீல்டு நிச்சயம். ஷீல்டு வந்தால் அவள் இருக்கட்டும், வராவிட்டால் டி.சி. தலைமையாசிரியருக்கும் இந்த யோசனை இனித்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

தமிழினி உண்மையிலேயே வரைகிற பெண். ஒரு படம் போட்டுக் கொண்டுவந்தாள். வகுப்பறையில் எல்லோரும் மூக்கைப் பிடித்திருக்கிறார்கள், கரும்பலகை அருகே நிற்கும் ஆசிரியர் உட்பட. நடுவில் ஒரு பெஞ்சு காலியாக இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்ததும் முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. நவநீதன் அதைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல புறா எங்கம்மா?"

"புறா இல்ல சார்."

"புறா இல்லாம இன்னா அகிம்சை?" என்று நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, வெள்ளைத் தோல் புறாக்களையும் பசை டப்பாவையும் அவள் முன்னால் தள்ளினார். "வானம் முழுக்க ஒட்டு."

அவள் ஒரு புறாவைத் தடவிப் பார்த்தாள். "சார், இது ஆட்டுத்தோலாச்சே. அகிம்சைக்கு இத ஒட்டலாமா?"

நங்கென்று தலையில் ஒரு கொட்டு. "பேசறது ஜாஸ்தியா பூட்ச்சு ஒனக்கு. ஒட்டு."

எங்கள் ஆட்களுக்குத் தோல் என்றால் தோல், அவ்வளவுதான். அதற்குள் ஒரு ஆடு இருந்தது என்று யாருக்கு ஞாபகம் வரும்? தலைமையாசிரியர் பார்த்தார், "சூப்பர் ஃபினிஷிங்" என்றார். பள்ளியே பார்த்து மெச்சியது.

வேலூர் மண்டபத்துக்கு நானும் துணைக்குப் போனேன். முத்துமாரி அன்றைக்குத் தையலை நிறுத்திவிட்டு, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அறக்கட்டளைக்காரர்கள் பால்கூடக் குடிக்காதவர்கள். காலில் துணிச் செருப்பு, இடுப்பில் நூல் பெல்ட். நடுவராக வந்த வெள்ளைப் புடவை அம்மாள் எங்கள் படத்தின் முன் நின்றார். ஒரு புறாவின் சிறகை மெதுவாகத் தடவினார்.

"ரொம்ப மிருதுவா இருக்கே. என்ன துணி இது?"

துணியா! ஆம்பூர்க்காரனிடம் அவன் தோலைத் துணி என்று சொன்னால் அவன் பரம்பரையையே சந்தேகப்பட்ட மாதிரி. நவநீதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"துணி இல்லீங்கம்மா. ஒரிஜினல் லெதர். குட்டி ஆட்டுத் தோலு, அதான் இவ்ளோ சாஃப்ட்டு. ரெக்சின்னு நெனச்சிட்டீங்களா? இருங்க, காட்டறேன்."

நான் "சார், சார்" என்று கையைப் பிடிப்பதற்குள் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துவிட்டார். செருப்புக் கடையில் வாங்க வருகிறவனுக்குச் செய்து காட்டுவார்களே, அதையே அந்த மகானுபாவர் அகிம்சை மண்டபத்தில் செய்தார். ஒரு புறாவைப் பிய்த்து வாலில் கொளுத்தினார். மயிர் கருகுகிற நாற்றம் மண்டபம் முழுக்கப் பரவியது. "பாத்தீங்களா? உருகல! ரெக்சினா இருந்தா உருகும்!" என்று ஜெயித்துவிட்டவர் போலச் சுற்றிலும் பார்த்தார்.

அந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். பின்னால் நின்ற அத்தனை பேரும் மூக்கைப் பிடித்தார்கள். தமிழினி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் போட்ட படம்தான் அது, குப்பைக்குப் போன அதே படம்.

"யார் செய்தது இதை?" என்று அம்மாள் கேட்டார்.

அப்போதுதான் நவநீதனுக்கு மண்டையில் உறைத்தது. உறைத்த மறுநொடியே அந்த வெட்கங்கெட்ட விரல் தமிழினி பக்கம் நீண்டது. "இந்தப் பொண்ணுதாங்க. கொஞ்சம் முரடு. ஏற்கெனவே ஒரு பையன் மண்டைய ஒடச்சவ."

நான் உண்மையைச் சொன்னேன். அங்கேயும் சொன்னேன், மறுநாள் தலைமையாசிரியர் அறையிலும் கத்தினேன். "ஷீல்டு வரலியே டீச்சர்" என்றார் அவர். நவநீதன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முத்துமாரியிடம், "நீங்களா கேட்டு வாங்கிக்கறதா எழுதிக் குடுங்கம்மா, பொண்ணு பேரு கெடாது" என்று இனிக்க இனிக்கப் பேசி டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள் இந்த முறை அழவில்லை. மகளுக்கு ஊசி வாங்க வேண்டுமே என்கிற யோசனையில் இருந்தவள் மாதிரி நின்றாள்.

சாயங்காலம் பள்ளி விடுகிற நேரம். அம்மாவும் மகளும் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். மதில் ஓரம் நின்ற செல்வகுமார் வழக்கம்போல மூக்கைப் பிடித்தான். தமிழினி நின்றாள். அவனைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நடந்து போய்விட்டாள். டிபன் கேரியரைத் தூக்கிய அந்தப் பெண் அங்கே இல்லை.

என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நவநீதன் முகம் மலர்ந்து திரும்பினார்.

"பாத்தீங்களா டீச்சர்? கை ஓங்கல பாருங்க. நம்ம புறா வேல செஞ்சிடுச்சு."

என் கையில் டிபன் கேரியர் இருந்தது. அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடிப்போய் பஸ் ஏறினேன்.