பரிசு கொடுக்காத படம்

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பாடசாலைக்கு நான் ஐந்து வருடம் செயலாளராக இருந்தேன். சம்பளமில்லாத அந்தப் பதவியில் நான் காட்டிய பந்தாவை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒரு வருடம் சித்திரப் போட்டிக்கு நடுவராகவும் நானே போய் உட்கார்ந்தேன். படம் கீறுவதைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

என்னோடு இன்னொரு நடுவராக, யாழ்ப்பாணத்தில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர் இருந்தார். அந்த வருடத் தலைப்பு 'என் ஊர்'. வந்த படங்களில் முக்கால்வாசி பனைமரமும் கோயில் கோபுரமும்தான். ஊரைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள், தாய் தகப்பன் சொல்லிக்கொடுத்தபடி கீறியவை. ஒரேயொரு படத்தில் மட்டும் தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையம் இருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. நிற்பவர்களுக்கு முகமில்லை, குடைகள் வெறும் வர்ணத் திட்டுகள், நனைந்த தரையில் விளக்கு வெளிச்சம் கலங்கிக் கிடந்தது. ஓரங்களில் தாள் வெள்ளையாகவே விடப்பட்டிருந்தது.

பெயர்களைப் பின்பக்கத்தில் எழுதி மறைத்து ஒட்டியிருந்தார்கள். ஆனாலும் எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டுக் குசினி மேசையில் கீறிய படம். கீறியவள் என் மகள், அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

ரீச்சர் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இதுக்குத்தான் முதலாமிடம். இந்தப் பிள்ளை கண்ணாலை பார்த்துக் கீறியிருக்கு," என்றார்.

எனக்கு நெஞ்சு பூரித்தது. அடுத்த நொடியே பயமும் பிடித்தது. முந்தின வருடம் பொருளாளரின் மகனுக்கு முதற்பரிசு கிடைத்தபோது, அது பாரபட்சம் என்று கார் நிறுத்துமிடத்தில் நின்று எல்லாரையும்விட உரத்துக் கதைத்தவன் நான். இப்போது என் மகளின் பெயரை மேடையில் வாசித்தால் சனம் என்னைச் சும்மா விடுமா?

"முடிக்கேல்லை ரீச்சர். கரையெல்லாம் வெள்ளையாக் கிடக்கு. ஆக்களுக்கு முகமுமில்லை," என்றேன்.

"முகம் கட்டாயம் வேணுமோ?" என்று கேட்டவர், செயலாளரோடு ஏன் வீண் கதை என்று நினைத்திருக்க வேண்டும், படத்தைக் கீழே வைத்துவிட்டார். முதற்பரிசு ஒரு பனைமரத்துக்குப் போனது.

பரிசளிப்பு முடிந்து, படத்தோடு வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, என்ரை படம் சரியில்லையா?"

"நீ முடிக்கேல்லை, பிள்ளை."

அன்று பின்னேரமே வெள்ளையாக இருந்த இடமெல்லாம் மண்ணிறம் பூசி, ஒவ்வொருவருக்கும் கண், மூக்கு, வாய் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். "இப்ப நல்லாயிருக்கு," என்றேன். இதைச் சொன்னதற்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். சில மாதங்களில் அவள் படம் கீறுவதை விட்டுவிட்டாள். படிப்பில் கவனம் வந்துவிட்டது என்று நானும் மனைவியும் சந்தோஷப்பட்டோம். இப்போது காப்புறுதி நிறுவனம் ஒன்றில் நல்ல வேலையில் இருக்கிறாள்.

போன மாசியில் அவள் என்னைத் தேம்ஸ் கரையிலுள்ள ஒரு கலைக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டில் தொலைக்காட்சியோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்குக் கவலை. அங்கே ஒரு சின்னப் படம். புல்மேடு, தண்டவாளம், புகை விட்டபடி வரும் ரயில். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய இடம் அது. பிரான்சில் போர் வந்தபோது குடும்பத்தோடு லண்டனுக்கு ஓடிவந்த ஓவியர் கீறியது என்று ஒரு பெண் வழிகாட்டி கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் விட்டுவந்த வீட்டில் படையினர் புகுந்து, படங்களைச் சேற்றில் போட்டு மிதித்தார்களாம். லண்டனில் கண்காட்சிக்குக் கொடுத்த படங்களையும் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பிறகு அவரும் கூட்டாளிகளும் பாரிஸில் தாங்களே கண்காட்சி வைத்தபோது, முடிக்காத படங்கள் என்று கேலி செய்திருக்கிறார்கள். நொடிக்கு நொடி மாறும் வெளிச்சத்தை அது மாறுவதற்குள் பிடிக்கத்தான் அவர்கள் அப்படி அவசரமாகத் தீட்டினார்கள், இம்ப்ரெஷனிசம் என்ற ஓவியப் பாணி அங்கேதான் தொடங்கியது என்றார்.

அந்தத் தேர்வாளர்களுக்காவது படங்கள் உண்மையிலேயே பிடிக்காமல் இருந்திருக்கும். எனக்கு என் மகளின் படம் பிடித்திருந்தது.

அந்த இடத்திலேயே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரீச்சர் சொன்னது, நான் மறுத்தது, ஊர்க் கதைக்குப் பயந்தது. கோபிப்பாள் என்று நினைத்தேன்.

"ரீச்சர் எனக்கு ஃபர்ஸ்ட் குடுக்கச் சொன்னவவோ?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம், பிள்ளை. எனக்கும் அதுதான் பிடிச்சது."

படத்துக்குக் கிட்டப் போய் அந்த ரயிலைக் குனிந்து பார்த்தாள்.

"எனக்குக் கீற ஏலாது எண்டு நினைச்செல்லோ அப்பா நான் விட்டனான்," என்றாள். "நீங்கள் எனக்குப் பொய் சொல்லமாட்டியள் எண்டு நம்பினனான்."