பெண் மீனின் கோடுகள்

தொட்டிக்குள் நிறுத்திய, அடி வெட்டிய தண்ணீர் பாட்டில். அதற்குள் ஒரு பெண் மீன். பாட்டிலைச் சுற்றிச் சுற்றிச் செட்டையை விரித்துக்கொண்டு திரியும் ஓர் ஆண். நெம்மேலிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருந்த வண்ணமீன் பண்ணையில் அக்காவும் நானும் வேலை பார்த்தபோது, ஃபைட்டர் மீனுக்கு இப்படித்தான் ஜோடி சேர்ப்போம். ஆண் எப்போதும் தயார்தான். தண்ணீரின் மேல் நுரையால் கூடு கட்டிவிட்டு மினுக்கிக்கொண்டு நிற்கும். முடிவு பெண்ணுடையது. பிடித்திருந்தால் அதன் உடம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள் எழும். பயந்திருந்தால் தலையிலிருந்து வால்வரை கோடு படுத்துவிடும். அதைக் கவனிக்காமல் பாட்டிலை உருவிவிட்டால், கொஞ்ச நேரத்தில் ஆண் பெண்ணைக் கிழித்துப் போட்டுவிடும்.

அக்காவுக்கு அதில் பொல்லாத கண். எனக்கோ எல்லாவற்றிலும் அவசரம். ஒருமுறை ஆர்டர் நெருக்குகிறதென்று நான் பாட்டிலை உருவப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினாள். “கோடு படுத்துகினு கீது, தெர்ல? நாளைக்குப் பாத்துக்கலாம்.” மீனுக்காக முதலாளியிடமே மல்லுக்கு நிற்பாள். அம்மாவிடம் மட்டும் வாய் திறக்க மாட்டாள். அப்பா போனபின் தனியாக எங்களை ஆளாக்கிய அம்மாவிடம், அக்காவுக்கு என்ன வேண்டுமானாலும், புதுச் செருப்பு முதற்கொண்டு, என் வாய் வழியாகத்தான் போகும்.

அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், தொட்டி கழுவிக்கொண்டே சொன்னாள்: “எனக்கு அந்த ஆளைப் பாத்தா பயமா கீது. வேணான்னு அம்மாகிட்ட சொல்லிடு.”

சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சிறுசேரிக்கு வேன் ஓட்டுகிற ஒருவரும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று பேசி வைத்திருந்தோம். மூத்தவள் இருக்க இளையவளுக்கு அம்மா செய்ய மாட்டாள். தை வரைதான் பொறுப்போம் என்று அவர் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அம்மா, “அவ இன்னாடி சொல்றா?” என்று கேட்டபோது, அவளுக்குச் சம்மதந்தான் என்றேன். அக்காவிடம், சொல்லிப் பார்த்தேன், அம்மா கேட்கவில்லை என்றேன். இரண்டு பொய்க்கும் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அக்கா தலையை ஆட்டிவிட்டு, தொட்டியை முழுசாகக் கழுவி முடித்தாள்.

அந்த ஆளையே கட்டிக்கொண்டு ஒன்றரை வருடம் அங்கே இருந்தாள். படியில் விழுந்துவிட்டாள் என்று சொல்லித்தான் புகுந்த வீட்டில் அவளைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எந்தப் படி கழுத்தில் விரல் தடம் பதிக்கும்? அப்போது நான் ஆறு மாதம். கட்டிலில் கிடந்தபடியே என் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அம்மா கிட்டே வந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மா வெளியே போனபின் என்னைக் கேட்டாள்: “நான் வேணான்னது தெரிஞ்சேதான அம்மா என்னை அனுப்புச்சு?”

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது. “ஆமாக்கா” என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டாள். அதுவரை அம்மாவை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். என் வீட்டுக்காரர் தங்கமானவர். தன் தாயைப்போல அவளைப் பார்த்துக்கொள்கிறார். அரிசி களையும்போதோ துணி மடிக்கும்போதோ அம்மா திடீரென்று கேட்பாள்: “நான் இன்னாடி பண்ணேன் அவளுக்கு? ஏன் கடைசியா என் மூஞ்சியப் பாக்கல?”

வலி பொறுக்காமல் இருந்திருக்கும் என்று சொல்கிறேன். அம்மா அதையும் நம்புகிறாள்.