வெட்டாத பெருவிரல்

எங்கள் ஊர் என் மனைவிக்கு ஓர் அநியாயம் செய்தது. வாக்குப் பெட்டிக்குள் ஒருவருக்கும் தெரியாமல் சொல்ல வேண்டிய பதிலை, விரலை வெட்டி எல்லோருக்கும் காட்டச் சொன்னது. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எழுபதுகளின் பிற்பகுதி. வட இலங்கைக் கடற்கரையில் எங்கள் ஊர் மயிலிட்டி. அங்கே வாசிகசாலை முன்றலில் கூட்டம். அந்த ஸ்பிரிட் மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது... மேடை ஓரத்தில் ஒரு தட்டில் பஞ்சு, சவர பிளேட், ஸ்பிரிட் போத்தல்.

இந்தத் தேர்தல் ஆளைத் தெரிவு செய்ய அல்ல, தமிழர் இலங்கையோடு இருப்பதா பிரிந்து போவதா என்று மக்களைக் கேட்பதற்கு என்றார் பேச்சாளர். பேச்சு முடிந்ததும் ஆண்கள் வரிசையாகப் போய், பெருவிரலைக் கீறி, அவர் நெற்றியில் இரத்தத் திலகம் வைத்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். அரசியல் எல்லாம் பேப்பர் வாசித்துப் பழகியதுதான். பிரிவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கேள்வி இருந்தது, கேட்டேன்.

"பிரிஞ்சால் எங்கடை மீனை ஆர் வாங்குறது? கொழும்பு ஐஸ் லொறி வருமோ?"

"நீங்களே தின்னுங்கோ அண்ணை!" என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிளேட் வைத்திருந்த தம்பி எங்கள் ஒழுங்கைக்காரன், நாலு வீடு தள்ளி இருந்தவன். என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"கேள்வி கேட்டது காணும். வாங்கோ அண்ணை."

"வோட்டுப் போடுவன். விரலை வெட்டமாட்டன்."

"பயமோ?"

"ஓம், பயந்தான். நாளைக்கு உப்புத்தண்ணிக்குள்ளை என்ரை வலையை நீயோ இழுக்கிறாய்?"

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"உவரைப் பாத்து வையுங்கோ."

அதன்பிறகு ஊர் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. கையைப் பார்த்தது. தேத்தண்ணிக் கடையில், சந்தையில்... கட்டுப் போட்ட விரல்களுக்கு நடுவே என் வெறும் விரலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு நாள் விடிய, எங்கள் மதிலில் தாரால் ஒரே ஒரு சொல். துரோகி.

அது அப்போது வெறும் வசவு அல்ல. அந்தப் பெயர் வாங்கிய ஓரிருவர் வேறு இடங்களில் சுடப்பட்டிருந்தார்கள். இரண்டு பெடியள் எங்கள் படலை வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டுப் போவார்கள். மணிச் சத்தம் கேட்டாலே என் மனைவி பவளம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள், அடுப்படிக்கு ஓடுவாள்.

"இஞ்சாருங்கோ, ஒரு சின்னக் கீறல். இல்லாட்டிச் சும்மா துணியைச் சுத்துங்கோ. ஆர் அவிழ்த்துப் பாக்கிறது?"

"வெட்டுறதெண்டால் நம்பி வெட்டவேணும். பயந்து வெட்டமாட்டன்."

"உங்கடை ரோசத்துக்கு நானும் பிள்ளையும் சாகிறதோ?"

நான் வலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால், வள்ளத்தை மணலில் ஏற்றப் பத்துப் பேராவது தோள் கொடுக்க வேண்டும். கரையில் நிற்பவர்கள் கேளாமலே வருவார்கள், கறிக்கு மீன் கொடுப்போம். அன்று கரை நிறைய ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. என்னோடு தொழில் செய்த, அன்று வள்ளத்துக்கு வராத அத்தான்கூடத் தன் விரல் கட்டைப் பார்த்தபடி நின்றார்.

அப்போது பவளம் வந்தாள். என் சவர பிளேட்டால் தன் பெருவிரலைத் தானே வெட்டியிருந்தாள். சுற்றியிருந்த சேலைத் துணி நனைந்து இரத்தம் மணலில் சொட்டியது. கையை உயர்த்திப் பிடித்தாள்.

"எங்கடை வீட்டு ரத்தம் இது. காணுமோ? இன்னும் வேணுமோ?"

முதலில் இறங்கி வந்தவன் பிளேட் வைத்திருந்த அதே தம்பிதான். வள்ளம் கரையேறியது. மதிலுக்கும் அவர்களே சுண்ணாம்பு அடித்தார்கள்.

ஆனால் அவள் ஆழமாக வெட்டிவிட்டாள். கருவாட்டுக்கு உப்புப் போடுகிற கை. சீழ் பிடித்து, காய்ச்சலோடு ஆசுப்பத்திரியில் கிடந்தாள். அந்தப் பெருவிரல் பிறகு மடியவேயில்லை. ஊசியில் நூல் கோர்க்க இன்றும் என்னைத்தான் கூப்பிடுவாள்.

நான் வாக்குப் போட்டேன். எதற்கென்று அவளுக்குக்கூடச் சொல்லவில்லை.

பிறகு யுத்தம் வந்து எல்லோரையும் துரத்தியது. வெட்டிய விரல், வெட்டாத விரல் என்று அது பார்க்கவில்லை.

லண்டனில் ஐரோப்பாவோடு இருப்பதா விலகுவதா என்று வாக்கெடுத்தபோது, அங்கே குடியிருக்கிற என் மருமகன் விலகவேணும் என்றான், மகள் இருக்கவேணும் என்றாள். ஒரே காரில் போய் ஆளுக்கொரு பக்கம் வாக்குப் போட்டுவிட்டு, வரும் வழியில் சாப்பிட்டு வந்தார்களாம். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது...

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். அன்று மேடையில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள், அது பிழை என்று ஊர் நடுவில் சொல்ல வேண்டும். இங்கே இணையத்தில், பின்னூட்டங்களில் கண்டவரையும் துரோகி என்று எழுதும் பிள்ளைகள் அந்தச் சொல்லை அழிக்க வேண்டும். அத்தான் காலமாகிவிட்டார், அவரை விடுகிறேன். நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, பிளேட் வைத்திருந்த தம்பி திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வருகிறார், எங்கள் படலையைக் கடந்துதான் கோயிலுக்குப் போகிறார். அவர் உள்ளே வர வேண்டும். பவளத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், என்னிடம் அல்ல.

"வந்தால் தேத்தண்ணி குடுக்காமல் அனுப்பிப்போடாதேங்கோ" என்கிறாள் அவள். தேத்தண்ணியைப் போடட்டும். மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அவர் அதைக் குடிக்க வேண்டும்.